கைக்குள் ஒரு வமிசாவளி

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். நதிக்கும் ரிஷிக்கும் கிடைத்த அந்தச் சலுகை, மலையகத்துத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அவனுடைய மூலத்தை ஆராய்வதற்கென்றே சட்டங்கள் பிறந்தன. உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், பூட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் போதாது, காகிதம் காட்டு என்றார்கள். காகிதம் காட்ட முடியாதவன் நாடற்றவன் ஆனான்.

சென்ற மாதம் ஒரு காலைப் பொழுதில், ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் பஸ் வண்டியில் அமர்ந்து, இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். கொட்டகலை கடந்துவிட்டது. வெண்மூட்டத்துக்குள்ளிருந்து திம்புள்ளைப் பள்ளத்தாக்கின் தேயிலை மலைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. என் கையிலிருந்த கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு திரையிலும் ஒன்று வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. அது என் குடும்பத்தின் வமிசவிருட்சம்.

ஃபேமிலிசேர்ச் என்னும் செயலியைப் பற்றி வாசகர்களிற் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில், மோர்மன் திருச்சபையார் என்று பொதுவாக அழைக்கப்படுவோர், 1894-ஆம் ஆண்டில் வமிசாவளி ஆராய்ச்சிக்காக ஒரு சங்கம் கண்டனர். முன்னோரின் பெயர்களைத் தேடிக் காண்பது அவர்களுக்கு ஒரு சமயக் கடமை. 1938 முதல் உலகெங்கும் உள்ள பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகளை நுண்படச் சுருள்களாக எடுத்துச் சேர்த்தார்கள். அவ்வாறு சேர்ந்த 24 இலட்சம் சுருள்களையும் கணினியில் ஏற்றும் வேலை 2021-இல் நிறைவெய்தியது. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த யாத்திரிகர் குடும்பக் கணக்குகளும் அந்தக் களஞ்சியத்தில் உள்ளன. நம் கொழும்பு மாவட்டத்து ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளும் உள்ளன. இவற்றுள் பலவற்றை ஒரு காசு கட்டணமின்றிக் கையடக்கக் கருவியில் பார்க்கலாம். நம் குடும்பத்தாரின் பெயர்களையும் புகைப்படங்களையும் குரல்களையும் நாமே அதில் சேர்க்கலாம்.

ஒல்லாந்தரின் வமிசத்தவர் முந்நூறு ஆண்டுக்கு முந்திய ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கிறார். மலையகத்தவர் தம் பூட்டன் பெயரைத் தட்டினால் என்ன வருகிறது? என் அனுபவத்தில், ஒன்றும் வரவில்லை.

இதற்குச் சரித்திர காரணம் உண்டு. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயணச்சீட்டு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், மாவட்டம், உடலிலுள்ள அடையாளம் யாவும் அதில் உண்டு. மொறீசியஸ் தீவிலும் அவ்வாறே. அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவகத்தில் அப்பதிவேடுகள் பேணப்படுகின்றன. பேரப்பிள்ளைகள் அங்கே சென்று பாட்டனின் ஊரை அறிந்துகொண்டு வருகிறார்கள். அடிமைத்தனத்துக்கு அடுத்த படியில் இருந்த அந்த ஒப்பந்த முறை, தான் அறியாமலே சந்ததிக்கு ஓர் உபகாரம் செய்துவிட்டது.

இலங்கைக்கு வந்தவர்களுக்கோ அந்த உபகாரமும் இல்லை. கடல் குறுகியது, கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தார். தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களுக்குக் கங்காணியின் கடன் கணக்கே பதிவேடு. பின்னாளில் கழுத்தில் தகரத்துண்டு தொங்கியது. அதில் தோட்டத்தின் குறியீடும் ஆளின் எண்ணும் இருந்தனவே தவிர, தகப்பன் பெயருக்கு இடம் இல்லை. 1921-இல் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ முறையிலும் துண்டுச்சீட்டுப் பேசியது கடனைப் பற்றித்தான். காகிதம் தராத ஒரு முறையின் கீழ் கொண்டுவரப்பட்டவர்களிடம், பின்னொரு காலத்தில் காகிதம் கேட்கப்பட்டது என்பதே இக்கதையின் கொடுமை.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனிடமும் அவன் தகப்பன் இங்கே பிறந்ததற்கோ, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ அத்தாட்சி கேட்டது. அடுத்த ஆண்டு, இந்திய பாகிஸ்தானிய வாசிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. அதன்படி, மணமானவர் 1946-ஆம் ஆண்டுக்கு முன்னர் ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடையறாது இங்கு வசித்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் வசிப்பு அறுந்துபோனதாகக் கொள்ளப்படும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பதியப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். மிஞ்சியோரின் தலைவிதியை 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் தேதி சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை நிர்ணயித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

நான் காணச் சென்ற மூதாட்டி இந்தக் கணக்குகளின் நடுவே வளர்ந்தவர். என் பாட்டனாரின் தங்கை. எனக்கு அப்பாயி முறை. எண்பத்தெட்டு வயது. திம்புள்ளையில் ஒரு பழைய லயத்தின் கடைசிக் காம்பராவில் வசிக்கிறார். அவருடைய சொந்தத் தங்கை, உடன்படிக்கையின் கீழ்ப் புருஷனோடும் பிள்ளைகளோடும் 1973-இல் தலவாக்கலை நிலையத்தில் கோச்சியேறித் தலைமன்னார் வழியாக இந்தியா சென்றவர். நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே, தேயிலையிலேயே உழைத்துச் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். 1984-இல் இராமேசுவரத்துக் கப்பலும் நின்றுபோயிற்று. அக்காளும் தங்கையும் மறுமுறை சந்திக்கவேயில்லை.

அந்தத் தங்கையின் பேரன்தான் எனக்கு இந்தச் செயலியை அறிமுகப்படுத்தியவர். அவர் அங்கிருந்து தம் கிளையை எழுதினார். நான் இங்கிருந்து என் கிளையை எழுதினேன். எங்கள் இருவருக்கும் பொதுவான பூட்டனாரின் பெயர் இரு இடத்திலும் இரு விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒரு நாள் செயலி ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது: இந்த இருவரும் ஒருவரே அல்லரோ? ஆம் என்று இருவரும் உடன்பட்டோம். அரை நூற்றாண்டுக்கு முன் கோச்சியும் கப்பலும் பிரித்துவைத்த இரு கிளைகள் திரையில் ஒன்றாயின. எனக்குச் சற்று நேரம் பேச வரவில்லை.

ஆனால் பூட்டனாரின் தகப்பன் எந்த ஊரிலிருந்து வந்தார்? அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அதை நிரப்பக்கூடியவர் அப்பாயி ஒருவரே.

அப்பாயி தேநீர் தந்தார். முற்றத்து வெயிலில் அமர்ந்து, நான் தொலைபேசியில் ஒலிப்பதிவைத் திறந்து வைத்துக்கொண்டேன். பெயர்கள் தடையின்றி வந்தன. அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. ஆயினும் ஐந்து தலைமுறையை நாவில் வைத்திருந்தார். எவ்வாறு இது சாத்தியம் என்று வியந்தேன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதல்லவா நம் வழக்கம்? பெயரன் என்ற சொல்லே பேரன் ஆயிற்று. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும்போது, நினைவுக்கு அதுவே ஏணிப்படி. இந்த ஏணி செயலிக்குத் தெரியாது. முதற்பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று அது கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? குலதெய்வத்துக்கும் அதில் கட்டமில்லை. ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து மலையில் தெய்வம் நாட்டியவர்களின் மூலத்தை அறிய, பெயரைவிடத் தெய்வமே சிறந்த சாட்சி. அதைக் குறிப்புப் பகுதியில்தான் எழுத வேண்டியிருந்தது.

பிறகு கேட்டேன்: “அப்பாயி, நம்ம பூர்வீக ஊர் எது?”

அவர் முகம் மாறியது. “இதான் ஊரு. இந்தத் தோட்டந்தான்” என்றார்.

“அதுக்கு முந்தி?”

“முந்தியும் இதான்.” சற்று நேரம் கழித்து, தொலைபேசியைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் கேட்டார்: “ஏன் ராசா, மறுபடியும் அனுப்பப் போறாங்களா?”

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. காரணம் பின்னரே தெரிந்தது. அவர் தகப்பனார் 1939-ஆம் ஆண்டில், தம் தந்தையின் காரியங்களுக்காக ஊருக்குப் போனார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு படுத்து, பதினான்கு மாதம் கழித்தே திரும்பினார். 1951-இல் அவர் கொடுத்த பிரஜாவுரிமை விண்ணப்பம் அந்த இரண்டு மாத உபரியால் விழுந்தது. அன்றிரவு அவர் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஆணையிட்டாராம்: “எவன் கேட்டாலும் நமக்கு வேறு ஊர் கிடையாது. இந்தத் தோட்டத்தைத் தவிர வேறு பெயர் வாயில் வரக்கூடாது.” மகள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஆணையைக் காத்தார். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால், தம் அறுபத்தாறாம் வயதில் இந்நாட்டுப் பிரஜையான பின்பும் காத்தார்.

நான் அவரை வற்புறுத்தவில்லை. உயிரோடிருப்பவரின் பெயரை இந்தச் செயலி பிறருக்குக் காட்டாது, எழுதியவருக்கு மட்டுமே தெரியும் என்று விளக்கினேன். காலமானவர்களின் பெயர்களே பொதுவில் தெரியும் என்றேன்.

“அப்பிடின்னா செத்தவுங்க பேரைத்தான் ஊருக்குச் சொல்லுமா?” என்று சிரித்தார். “அதுவும் நல்லதுதான். செத்தவுங்கள யாரு நாடு கடத்த முடியும்?”

ஒலிப்பதிவை நிறுத்தினேன். பின்பு, கோத்தகிரியிலிருந்து அந்தப் பேரன் செயலியில் சேர்த்திருந்த ஒரு படத்தைக் காட்டினேன். அவருடைய தங்கை இந்தியா சென்றபோது பெற்ற குடும்ப அட்டையின் ஒரு பக்கம் அது. அதில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் ஒரு கிராமத்தின் பெயர் எழுதியிருந்தது. எந்த ஊரைச் சொல்லக்கூடாது என்று ஒரு மகள் வாய் பூட்டிக் கிடந்தாளோ, அதே ஊரைச் சொன்னதால் இன்னொரு மகளுக்குக் காகிதம் கிடைத்திருந்தது. ஒரே தகப்பன், ஒரே லயம்.

எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். துறையூர்ப் பக்கத்து ஒரு சிற்றூர்.

அப்பாயி தலையை அசைத்தார். “தப்பு. அப்பிடி இல்ல” என்று சொல்லி, ஊரின் பெயரைத் திருத்தமாக உச்சரித்தார். குமாஸ்தா ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருந்தான். அந்த மாற்றத்தால் தேசப்படத்தில் எத்தனை முறை தேடியும் எங்களுக்கு அந்த ஊர் அகப்படவில்லை. சொன்ன பிறகே தாம் சொல்லிவிட்டதை உணர்ந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, இன்னொரு முறை, சற்று உரக்கவே சொன்னார். எழுபது ஆண்டு அடக்கி வைத்த சொல்லை நாவில் ருசி பார்ப்பதுபோல் இருந்தது அது.

அந்த ஊரின் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. அவர் கேட்டுக்கொண்டது அவ்வாறு. “இப்ப நீயும் அவனும் தெரிஞ்சு வைச்சிக்கங்க. நான் போன பொறகு போடு. அப்பறம் ஒண்ணு: என் பேரைச் செக்ரோல்ல இருக்கிற மாதிரிப் போடாத. எங்காத்தா கூப்பிட்ட மாதிரிப் போடு” என்றார். செக்ரோலில் அவருக்கு ஒரு பெயர். அடையாள அட்டையில் வேறொரு பெயர். தாய் அழைத்தது மூன்றாவது பெயர். அந்த மூன்றாவது பெயரை அன்றுதான் நான் அறிந்தேன்.

லயத்துக்குள் தொலைபேசிக்கு அலை கிடைக்கவில்லை. மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏறிச் சென்று, கோத்தகிரிக்குச் செய்தி அனுப்பினேன். ஓர் எழுத்தைத் திருத்திய அந்தப் பெயரைக் கொண்டு அவர் தேசப்படத்தில் தேடினார். மறுநிமிடமே பதில் வந்தது. ஊர் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்து வந்தார்கள். மூதாதையர் நடந்த வழியைக் கால்களால் நினைத்துப் பார்த்த நடை அது. ஆயினும் ஒவ்வொரு லயத்திலும் சொல்லப்படாத ஓர் ஊரின் பெயரோடு ஒரு கிழவியோ கிழவரோ இருக்கக்கூடும். பூர்வீகத்தைச் சொல்வதால் இருக்கும் நாட்டின்மீது உள்ள உரிமை குறைந்துவிடாது. அஞ்சாமல் சொல்ல முடிவதே உரிமையின் முதல் அடையாளம். அவர்களிடம் கருவியோடு போகிறவர்கள், முதலில் அந்த அச்சத்தை அறிந்துகொண்டு போக வேண்டும்.

அன்று மாலை தலவாக்கலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். கீழே, 2012-இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் அணையில் ஆற்று நீர் தேங்கி நின்றது. நதிமூலத்தைப் பற்றிய பழமொழி மீண்டும் நினைவில் வந்தது. கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தேன். ஐந்து தலைமுறை, அதன் உச்சியில் இன்னும் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறது. அங்கே எழுத வேண்டிய ஊரின் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதும் நாள் மிகவும் தாமதித்தே வரட்டும்.