முத்திரை அட்டையும் மூங்கில் கூடையும்

ஹாங்காங்கில் காலைச் சிற்றுண்டிக்கு அழைப்பவர் ‘யம் சா’ என்பார். ‘தேநீர் அருந்துதல்’ என்பது அதன் பொருள். திம்சம் எனப்படும் பண்டங்கள் தேநீருக்குத் துணையாக வந்தவையே. 1933இல் தொடங்கப்பெற்ற லுக் யூ தேநீரகம்கூட, தேநீரைப் பற்றி நூலெழுதிய தாங் காலத்து அறிஞரின் பெயரையே தாங்கியுள்ளது. ஆகவே, அமர்ந்தவுடன் எந்தத் தேநீர் வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குத் தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் உண்டு. இலவசம் என எண்ணிவிட வேண்டாம்.

பழைய பாணித் தேநீரகங்களில் மேசைக்கு ஓர் அட்டை தரப்படும். தள்ளுவண்டியிலிருந்து மூங்கில் கூடையை எடுக்குந்தோறும் சிறியது, நடுத்தரம், பெரியது என அதன் விலைவகைக்குரிய கட்டத்தில் பணியாளர் முத்திரையிடுவார். இறுதியில் முத்திரைகளை எண்ணியே தொகை கணக்கிடப்படும். அட்டையைப் பாஸ்புக்கைப் போலக் காப்பது நலம். இவ்வண்டிகள் இன்று அருகிவிட்டன. பட்டியல் தாளில் குறியிட்டுத் தருவதே பெருவழக்கு.

கெண்டியின் மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் வெந்நீர் நிரப்புவார்கள். பிறர் நமக்குத் தேநீர் ஊற்றும்போது இரு விரல்களால் மேசையைத் தட்டுவது நன்றியறிதல். மாறுவேடத்தில் சென்ற சியன்லுங் பேரரசர் தம் பணியாளருக்குத் தேநீர் ஊற்ற, மண்டியிட இயலாத அவர் விரல்களை மடித்து வணங்கினார் என்பது செவிவழிக் கதை.

சைவ உணவினர் பெயரை நம்பலாகாது. ஹார் காவில் இறால் இருப்பது பலரும் அறிந்ததே. முள்ளங்கிக் கேக்கிலும் உலர்ந்த இறாலும் இறைச்சியும் பெரும்பாலும் கலந்திருக்கும்.