துணிச்சலை இலவசமாகக் கேட்காதீர்கள்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நீண்ட இடைவெளி உண்டு. பெறுபேறு வர வேண்டும், வெட்டுப்புள்ளி வர வேண்டும், பிறகு பல்கலைக்கழகம் கூப்பிட வேண்டும். அந்த மாதங்களில் பிள்ளைகள் ஆங்கில வகுப்புக்குப் போவார்கள், கணினி படிப்பார்கள், சிலர் வங்கியில் பயிலுநராகச் சேர்வார்கள். திருநர், தன்பாலீர்ப்பு இளையோரின் உரிமைக்காக வேலைசெய்யும் அமைப்பொன்றில் உள்ளகப் பயிற்சிக்குப் போகப்போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. "பொலிஸ் பிடிக்காதோ?" என்பார் அம்மா. "என்ன தருவினம்?" என்பார் அப்பா. சனம் என்ன சொல்லும் என்ற கேள்வியை இருவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் அமைப்புத்தான் இளையோரைத் தன் வாசலுக்குக் கூப்பிடத் தகுதியுடையது.

பொலிஸ் பிடிக்குமா?

1883ஆம் ஆண்டு பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலினத்தவர்களுக்கிடையிலான பாலுறவை இன்றும் குற்றமாக வைத்திருக்கின்றன. 1995இல் வந்த திருத்தம் நிலைமையை இளக்கவில்லை. ஆண்களை மட்டும் குறித்த 365அ பிரிவைப் பால்வேறுபாடின்றி எழுதியதால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். ஆனாலும் இந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலை. ஒருவர் தன்னை இன்னாரென்று சொல்வதோ, அவருக்காக ஓர் அமைப்பு குரல் கொடுப்பதோ, அந்த அமைப்பில் இன்னொருவர் வேலை பழகுவதோ குற்றமாகாது. ரொசானா ஃபிளேமர்-கல்தேரா நிறுவிய ஈக்குவல் கிரவுண்ட் 2004 முதல் கொழும்பில் வெளிப்படையாக இயங்குகிறது. அவர் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் முறையிட்டார். இலங்கைச் சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறது என்ற அக்குழுவின் தீர்மானம் 2022 மார்ச்சில் வெளிவந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, இந்தப் பிரிவுகளைத் திருத்த அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த முன்வைத்த தனிநபர் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்த உறவுகளைக் குற்றமற்றதாக்குவது அரசியலமைப்புக்கு முரணாகாது என்று 2023 மே மாதம் நீதிமன்றம் தீர்மானித்தது. சாதாரண பெரும்பான்மையே போதுமாயிருந்தும் சட்டமூலம் சட்டமாகவில்லை. 2024 செப்ரெம்பரில் நாடாளுமன்றமும் கலைந்தது.

ஆக, அம்மாவுக்குச் சொல்லக்கூடிய பதில் இது: பயிற்சிக்குப் போவதற்காகப் பிள்ளையைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பிள்ளை யாருக்காக வேலைசெய்கிறதோ அவர்களுடைய தலைக்கு மேல் அந்தச் சட்டம் இன்னும் தொங்குகிறது. மிரட்டிப் பணம் பறிப்பவருக்கும், தெருவில் மறித்து வைத்துக் கேள்வி கேட்பவருக்கும் அது கையில் கிடைத்த பொல்லு. இதோடு, வடக்கில் அரச சார்பற்ற நிறுவனங்களுக்குப் புலனாய்வுத் துறையினர் வந்து விபரம் கேட்பது புதிதுமில்லை. அப்படி யாராவது வந்தால் பேச வேண்டியவர் பொறுப்பாளர். பயிலுநரை முன்னால் நிறுத்தக்கூடாது.

வேலை எப்படி இருக்கும்?

வானவில் கொடி பிடித்து நடப்பதுதான் இந்த வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாண சங்கம் என்ற குழு நகரில் நடைபவனி நடத்தியிருப்பது உண்மை. யாழ்ப்பாணத் திருநர் வலையமைப்பு போன்ற குழுக்களும் இங்கு இயங்குகின்றன. ஆனால் நடைபவனி ஒரு நாளோடு முடியும். மிச்ச நாட்களின் வேலை பெரும்பாலும் கடதாசியோடுதான்.

ஒரு திருநங்கையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல மருத்துவ நிபுணர் மதிப்பிட்டுப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் காட்டிப் பிறப்புப் பதிவில் பெயரையும் பாலையும் மாற்றலாம். எழுத்தில் இரண்டு வரி. நடைமுறையில் மாதக்கணக்கான அலைச்சல். பிறப்புச் சான்றிதழ் மாறியபின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வாக்காளர் இடாப்பு, பரீட்சைச் சான்றிதழ் என்று ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் தட்ட வேண்டும்.

அலுவலக வாங்கில் இருபது பேர் இருக்கிறார்கள். உத்தியோகத்தர் கோப்பிலுள்ள பழைய பெயரை உரத்துக் கூப்பிடுகிறார். ஆண் பெயருக்குச் சுடிதார் போட்ட பெண் எழும்பிப் போகிறாள். இருபது தலையும் திரும்புகிறது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து பாதியில் கைவிடப்படும் விண்ணப்பங்கள் உண்டு. பழகிய ஒரு பயிலுநர் கூடப் போனால் என்ன மாறும்? முன்கூட்டியே உள்ளே போய்ச் சொல்லி, கூப்பிட வேண்டிய பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்திருப்பார். கோப்பில் போட்டோக்கொப்பிகள் கேட்கப்படும் ஒழுங்கிலேயே இருக்கும். "நாளைக்கு வாங்கோ" என்றால், எதற்காக, யாரிடம் வர வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். இதைப் பாடப்புத்தகம் சொல்லித்தராது. இதைப் பழகியவருக்கு நாளை எந்தச் சமூகசேவை உத்தியோகமும் கைவரும்.

மொழிபெயர்ப்பு இன்னொரு பெரிய வேலை. தேசிய அமைப்புகளின் அலுவலகங்கள் கொழும்பில் இருக்கின்றன. பயிற்சிகளும் கூட்டங்களும் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கின்றன. சென்னையில் ஓரினம் போன்ற தன்னார்வக் குழுக்கள் நல்ல தமிழில் நிறைய எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் அங்கு 2018இல் இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கதை முடிந்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், 'மாற்றுகிறோம்' என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அங்கு எழுதிய துண்டுப்பிரசுரத்தை அப்படியே அச்சடித்துப் பருத்தித்துறையில் கொடுத்தால், இங்கில்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளை ஆபத்தில் மாட்டிவிடுவோம். நம் சட்டத்தை நம் பேச்சில் எழுத இங்கேயே ஆட்கள் வேண்டும்.

தொலைபேசியில் உடைந்து அழுபவரோடு பேசும் பொறுப்பைப் புதிதாக வந்தவரிடம் விடக்கூடாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929 ஆகியவற்றுக்கு எப்போது கைமாற்றுவது என்பதுதான் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய பாடம்.

யாழ்ப்பாணம் செய்து பார்த்த முறை

உள்ளூர் ஆட்களைப் பழக்கி ஒரு துறையையே எழுப்புவது நமக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் வடக்கில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம். அப்போது பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்களும் சாந்திகம் போன்ற நிறுவனங்களும் ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றுவித்து உளவளத்துணையை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் 'விசருக்குப் பார்க்கிற இடம்' என்று ஒதுங்கிய சனம் பிறகு அங்கே போனது. முன்னாலிருந்து கேட்டவர் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசியதும், கேட்டதை வெளியே விடாததும் அதற்குப் பெரிய காரணங்கள்.

அந்த இரண்டாவது குணம் இந்த வேலைக்கு இரட்டிப்பாக வேண்டும். "ஆற்றை பிள்ளை? எந்த இடம்?" என்ற இரண்டு கேள்வியில் ஒருவரின் மூன்று தலைமுறையைக் கண்டுபிடித்துவிடும் குடாநாடு இது. ஓர் அமைப்பின் படியேறுவதைக் கண்டாலே ஒருவரைப் பற்றி ஊர் முடிவு கட்டிவிடும். ஆகவே பயிலுநரின் படத்தை முகநூலில் போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வேண்டும். மறுத்தால் ஏன் என்று கேட்கக்கூடாது. சான்றுக் கடிதத்தில் அமைப்பின் முழுப் பெயரைப் போடுவதா, 'இளையோர் உரிமை, ஆவணப்படுத்தல்' என்று செய்த வேலையை மட்டும் எழுதுவதா என்பதையும் பயிலுநரே தீர்மானிக்கட்டும். அவர் எந்தப் பாலீர்ப்பு உடையவர் என்பது நேர்முகத்தில் கேட்கவே கூடாத கேள்வி.

என்ன தருவார்கள்?

அப்பாவின் கேள்விக்குத்தான் இந்தத் துறையில் பதில் மெலிவு. "அனுபவம் கிடைக்கும்" என்று சொல்லிச் சம்பளமில்லாமல் ஆள் எடுப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கொழும்பில் வீடிருக்கும், ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு அது கட்டுபடியாகும். ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு? வீட்டோடு முறிந்து நண்பர் அறையில் ஒதுங்கியிருக்கும் திருநம்பிக்கு? இந்த வேலையை நெஞ்சாரத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். காசில்லாப் பயிற்சி முதலில் வடித்துவிடுவதும் அவர்களைத்தான்.

ஆகவே சேரப்போகிறவர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: போக்குவரத்துக் காசும் மதிய உணவும் உண்டா? மாதக் கொடுப்பனவு எவ்வளவு? என் பொறுப்பாளர் யார்? கடைசி பஸ்ஸுக்கு முன் விடுவீர்களா? பிரச்சினை வந்தால் எந்தச் சட்டத்தரணியைக் கூப்பிடுவீர்கள்? பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களோடு வேலைசெய்ய என்ன விதிமுறை வைத்திருக்கிறீர்கள்? இவற்றை எழுத்தில் தர மறுக்கும் இடத்துக்கு, அதன் கொள்கை எவ்வளவு நல்லதாயிருந்தாலும், போகாமல் விடுவது புத்தி.

கொழும்பு அமைப்புகளும் அவற்றுக்கு நிதி தருபவர்களும் இதைவிடக் கூடச் செய்யலாம். திட்ட முன்மொழிவில் மண்டப வாடகைக்கும் பதாகைக்கும் வரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தமிழில் வேலைசெய்யும் இரண்டு பயிலுநரின் ஆறுமாதக் கொடுப்பனவுக்கும் அதே பட்டியலில் ஒரு வரி சேர்க்கட்டும். ஊரை எதிர்த்து நிற்கும் துணிவைப் பிள்ளை தன் கையிலிருந்து கொண்டுவருகிறது. பஸ் காசையாவது அமைப்பு கொடுக்க வேண்டும்.