ஒரே நாளில் நாகசாகி: அணுகுண்டு அருங்காட்சியகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது ஏன் நல்லது?

நாகசாகி என்றதும் நமக்கு 1945 ஆகஸ்ட் 9 தான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் ஹிரோஷிமாவோடு சேர்த்து ஒரே மூச்சில் மனப்பாடம் செய்த பெயர் அது. அதனால் ஒருநாள் பயணமாகப் போகிறவர்கள் ரயிலைவிட்டு இறங்கியதும் நேராக அமைதிப் பூங்காவுக்குப் போய், அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு, அத்துடன் ஊரையே பார்த்ததாக நினைத்துக்கொள்வதுண்டு. குண்டு எங்கே விழுந்தது என்பது அதில் தெரிந்துவிடும். எந்த ஊர் மீது விழுந்தது என்பது தெரியாது. கைடு இல்லாமல் சொந்தமாகச் சுற்றுபவர்களுக்கு உள்ள வசதியே வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான்.

போவது எப்படி?

ஃபுகுவோகா நகரின் ஹகாட்டா ஸ்டேஷனில் இருந்து காலையில் கிளம்பினால் போதும். ‘ரிலே கமோமே’ ரயிலில் தகேயோ ஒன்சென் வரை போய், அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் நிற்கும் ஷின்கன்செனுக்கு மாற வேண்டும். மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இந்த ஷின்கன்சென் பாதை 2022 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு பஸ் உண்டு, ஆனால் நேரம் கூடும்.

ஊருக்குள் சுற்றுவதற்கு டிராம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். பின்கதவில் ஏறி, இறங்கும்போது முன்கதவருகே காசு போட வேண்டும். நாலைந்து தடவை ஏறி இறங்குவோம் என்பதால் ஒருநாள் பாஸ் லாபம்தான். ஆனால் டிராமுக்குள் அது கிடைக்காது. ஸ்டேஷனில் இருக்கும் சுற்றுலாத் தகவல் மையத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

முதலில் தெஜிமா

கிறிஸ்தவம் பரவுவதைக் கண்டு அஞ்சிய ஜப்பானிய அரசு, போர்ச்சுகீசியர்களை ஒரே இடத்தில் அடைத்துவைக்க 1636-இல் கட்டிமுடித்த செயற்கைத் தீவு இது. விசிறி வடிவம், பரப்பளவு சுமார் ஒன்றரை ஹெக்டேர். போர்ச்சுகீசியர்களைத் துரத்திய பிறகு, 1641-இல் டச்சுக்காரர்களை இங்கே மாற்றினார்கள். அடுத்த 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே திறந்திருந்த ஒரே வாசல் இதுதான். டச்சுக்காரர்கள் அனுமதியில்லாமல் பாலத்தைத் தாண்ட முடியாது.

இன்றைக்குப் போனால் தீவைக் காணோமே என்று தோன்றும். சுற்றியிருந்த கடலை மண்கொட்டித் தூர்த்துவிட்டார்கள். கிடங்குகளையும் வீடுகளையும் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். புதுக் கட்டடங்கள்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இங்கே வந்திறங்கிய சரக்கில் நம்ம ஊர் துணியும் இருந்தது. பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த அதே டச்சு கம்பெனிதான் தெஜிமாவிலும் வியாபாரம் செய்தது. சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் ‘சந்தோமே’. ஆமாம், நம் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமேதான்! பிற்பாடு ஜப்பானிலேயே அதைப் பார்த்து நெய்த துணிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

அடுத்து ஓவுரா தேவாலயம்

ஒருநாளில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் இதைச் சொல்லலாம். வெளிநாட்டவர் வழிபடுவதற்காக பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டிய தேவாலயம் இது. 1865 மார்ச் 17 அன்று, உராகாமி கிராமத்து விவசாயிகள் சிலர் உள்ளே வந்து, பாதிரியார் பெட்டிஜானிடம் தாங்களும் கிறிஸ்தவர்களே என்று ரகசியமாகச் சொன்னார்கள். பாதிரியாரே இல்லாமல், பிடிபட்டால் மரணம் என்ற நிலையில், 200 ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக மறைத்துக் காத்த நம்பிக்கை.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. தடை அமலில்தான் இருந்தது. 1868 முதல் உராகாமி மக்கள் சுமார் 3,400 பேர் நாட்டின் பல மூலைகளுக்கு நாடுகடத்தப்பட்டனர், பலர் திரும்பவே இல்லை. 1873-இல் தடை தளர்ந்ததும் மீதிப்பேர் ஊர் திரும்பினார்கள். கிறிஸ்தவர் இல்லை என்று நிரூபிக்க, புனித உருவங்களை மிதிக்கச் சொல்லி வருஷாவருஷம் தங்களைக் கட்டாயப்படுத்திய ஊர்த்தலைவர் வீட்டு மனையையே வாங்கி, அங்கே தேவாலயம் எழுப்பினார்கள். 1914-இல் அது முடிந்தது. இந்த உராகாமி என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

பக்கத்திலேயே ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் குளோவர் 1863-இல் கட்டிய வீடும் தோட்டமும் உள்ளன. மேடு ஏறினால் கால் கடுக்கும். பெரியவர்களைக் கூட்டிப்போனால் இஷிபாஷி நிறுத்தத்தில் இறங்கி, சாய்வாக ஏறும் லிஃப்டில் மேல்வாசலுக்குப் போய், அங்கிருந்து இறங்கி வருவதுதான் சௌகரியம்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

சீனர்களின் பழைய வர்த்தகத்தை நினைவூட்டும் ஷின்சி சைனா டவுன் டிராம் பாதையிலேயே இருக்கிறது. ‘சம்போன்’ நூடுல்ஸ்தான் ஊரின் அடையாளம். பன்றி எலும்பு சூப்பில் இறால், கணவாய் எல்லாம் சேர்ந்து வரும். சைவக்காரர்கள் அந்தப் பக்கமே போக முடியாது. ஊறவைத்த பிளம் வைத்த சோற்று உருண்டை எல்லா கன்வீனியன்ஸ் ஸ்டோர்களிலும் கிடைக்கும். போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற ‘கஸ்தெல்லா’ கேக்கில் முட்டை உண்டு.

மதியத்துக்கு மேல் உராகாமி

இப்போது டிராமில் வடக்கே போகலாம். வழியில் நேரமிருந்தால், ஸ்டேஷனுக்கு அருகே நிஷிசாகா மேட்டில் 1597-இல் சிலுவையில் அறையப்பட்ட 26 பேரின் நினைவுச் சின்னம் உள்ளது. அதில் ஒருவர் மும்பைக்கு அருகே வசையில் பிறந்த கோன்சாலோ கார்சியா.

1945-இல் விமானத்தின் முதல் இலக்கு கொகுரா நகரம். அங்கே கீழே எதுவும் தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. இங்கும் மேகம். குறிவைத்தது நகரின் மையப்பகுதியை. ஆனால் 11.02-க்கு குண்டு வெடித்தது அதற்கு வடக்கே, உராகாமி பள்ளத்தாக்கின் மேல், சுமார் 500 மீட்டர் உயரத்தில். காலையில் பார்த்த பழைய பகுதி ஓரளவு தப்பியதற்கு இதுவும் நடுவே நின்ற குன்றுகளும்தான் காரணம். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 74,000 பேர் இறந்தனர். உராகாமி தேவாலயம் இடிந்து விழுந்தது. அந்தப் பங்கைச் சேர்ந்த 12,000 பேரில் ஏறக்குறைய 8,500 பேர் பலி. காலையில் கேட்ட கதையில் வந்த விவசாயிகளின் பேரன் பேத்திகள்.

இந்த வரிசையில் வந்தால், அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகம் இருக்கும். சுற்றிப்பார்க்க ஒன்றரை மணி நேரமாவது தேவை. சில மாதங்களில் மாலை ஐந்தரைக்கே மூடிவிடுவார்கள், அதனால் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வெளியே, குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழே உள்ள பூங்காவில் பழைய தேவாலயச் சுவரின் ஒரு துண்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து, 1959-இல் திரும்பக் கட்டிய தேவாலயம் நடக்கும் தூரம்தான். கீழே உருண்டு விழுந்த பழைய மணிக்கூண்டு சரிவில் இன்னும் அப்படியே கிடக்கிறது. பலரும் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

எதை விட்டுவிடலாம்?

குங்கன்ஜிமா என்கிற நிலக்கரித் தீவை. படகுப் பயணத்துக்கே அரை நாள் போய்விடும், கடல் கொந்தளித்தால் இறங்கவும் விடமாட்டார்கள். 333 மீட்டர் உயர இனாசா மலையின் ராத்திரிக் காட்சி ரொம்பப் பிரபலம். ரோப்வேயில் போய்ட்டு வந்துடலாம். ஆனால் ஹகாட்டாவுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே ஸ்டேஷனில் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.