பொங்கல் வாழ்த்து அட்டை: நம் வீடே அச்சகம்!

தை பிறக்கும் முன்னே மாதுங்கா மார்க்கெட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கிவிடும். மண்பானைதான் வேண்டும் என்பவர்களுக்குத் தாராவி கும்பார்வாடா இருக்கிறது. ஊரில் கிடைப்பதெல்லாம் மும்பையிலும் கிடைக்கிறது. ஆனால் முன்பெல்லாம் தவறாமல் வந்த ஒன்று இப்போது வருவதே இல்லை. அதுதான் பொங்கல் வாழ்த்து அட்டை!

1970, 80களில் பொங்கல் வந்தால் தபால்காரருக்குப் பை கனக்கும். கரும்பு, பானை, காளை படங்களோடு எம்.ஜி.ஆர்., சிவாஜி படம் போட்ட அட்டைகளும் ஊரிலிருந்து வரும். செம்பூரில் எங்கள் வீட்டில் அவற்றை நூலில் கோத்துத் தோரணமாகக் கட்டுவோம். பிறகு தொலைபேசி வந்தது, அடுத்து கைபேசியும் வந்தது. இன்று ஒரே பானைப் படம் ஐம்பது பேரிடமிருந்து வருகிறது. யார் அனுப்பியது என்று கூடப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், எல்லோருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல், ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை தயாரித்தார். விலை ஒரு ஷில்லிங். ஆக, எழுதும் வேலையைக் குறைக்கப் பிறந்தது வாழ்த்து அட்டை. நம் வீட்டுப் பிள்ளைகளை எழுத வைக்க அதே அட்டையைப் பயன்படுத்தினால் என்ன?

மும்பையில் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தாலும், நம்மில் பலரின் பிள்ளைகள் படிப்பது ஆங்கிலப் பள்ளியில். வீட்டில் தமிழ் பேசுவார்கள். மராத்தியும் இந்தியும் சரளமாகப் படிப்பார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். என் பேத்தியும் அப்படித்தான். நாங்குநேரிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அவள் ஒரு அட்டை செய்தாள். புள்ளிக் கோலம் ஒன்றை அவளே வரைந்து, பிரிண்டரில் அச்சிட்டாள். உள்ளே, "அன்புள்ள ஆச்சிக்குப் பொங்கல் வாழ்த்துகள்" என்று எழுத ஒரு மாலை முழுதும் ஆயிற்று. 'ழ்' மட்டும் நான்கு முறை அடித்து எழுதினாள். அட்டை கிடைத்ததும் அக்கா போன் செய்தாள்: "ஏலே, பிள்ளைக்குத் தமிழ் எழுத வருதே!" அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

இனி, செய்முறையைப் பார்ப்போமா?

தாள்: ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 200 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று பன்னிரண்டரை கிராம் எடை இருக்கும். அதைப் பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு அட்டைகள். உறையையும் சேர்த்து 20 கிராமுக்குள் அடங்கிவிடும். கடிதத்துக்கான குறைந்தபட்சத் தபால்தலையே போதும். தடித்த தாள் கிடைக்காவிட்டால் 100 ஜி.எஸ்.எம். தாளை நான்காக மடியுங்கள். எடையும் அதேதான். இதில் அச்செல்லாம் ஒரே பக்கத்தில். கீழ்ப்பாதியின் வலப்புறம் முகப்பு வரும். மேல்பாதியின் அச்சுப் பக்கம் மடிப்புக்குள் போய்விடுவதால், பிள்ளை எழுத வேண்டிய இடம் அதுதான். மடிக்கும்முன் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து எழுத வேண்டும்.

படம்: பல வீட்டுப் பிரிண்டர்கள் தாளின் ஓரம் வரை அச்சிடுவதில்லை. சுற்றிலும் அரை சென்டிமீட்டர் வெள்ளை விடுங்கள். கோலம் போன்ற கோட்டுப் படமானால் மையும் மிச்சம். கிராமத்து மாட்டு வண்டிதான் வேண்டும் என்பதில்லை. தாராவி 90 அடிச் சாலையில் வரிசையாகப் பொங்கும் பானைகளும் பொங்கல் காட்சிதானே!

எழுத்து: முகப்பு வாசகத்தை யூனிகோடு எழுத்துருவில் அடியுங்கள். சில வரைகலை மென்பொருள்களில் 'பொ' உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும். அதனால் முதலில் சாதாரணத் தாளில் ஒரு மாதிரி எடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். 'வாழ்த்துகள்'தான் இலக்கணப்படி சரி, 'வாழ்த்துக்கள்' அல்ல என்ற விவாதமும் அப்போது கிளம்பும். கிளம்பட்டுமே, தமிழ்ப் பேச்சுத்தானே!

மடிப்பு: லேசர் பிரிண்டர் மை மடிப்பில் உதிரும். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து அழுத்திக் கோடு போட்டபின் மடியுங்கள். இங்க்ஜெட் ஆனால், ஈரக்கை படாமல் நன்கு காயவிடுங்கள்.

முக்கியமானது ஒன்று: உள்பக்கத்தை அச்சிடாதீர்கள். அது பிள்ளையின் கையெழுத்துக்கு. கோணலாக இருந்தாலும் நீங்கள் திருத்தி எழுதித் தர வேண்டாம்.

ஒரு அட்டையைப் பக்கத்து மராத்தி வீட்டுக்கும் கொடுக்கலாம். அதே நாளில் சங்கராந்திக்கு எள்ளுருண்டை தந்து, இனிமையாகப் பேசுங்கள் என்று நம்மை வாழ்த்துபவர்கள் அல்லவா அவர்கள்?

ஜனவரி முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்கு ஒரு அட்டை, அதில் பிள்ளையின் கையால் ஒரு வரித் தமிழ். இந்தப் பொங்கலுக்கு இதைச் செய்து பார்ப்போமே!