கூட்டத்திற்கு அப்பால் ஒரு ஜப்பான்

2024-இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 3.6 கோடியைத் தாண்டியது. அவர்களுள் பலர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்ற ஒரே தடத்தில்தான் செல்கின்றனர். நெரிசல் தாளாமல், கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழைய அவ்வாண்டே தடை விதிக்கப்பட்டது.

அமைதியை நாடுவோருக்கு நான் சுட்டுவது ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கு. அங்குள்ள 45 மீட்டர் நீளக் கொடிப்பாலம் மூன்றாண்டுக்கு ஒருமுறை காட்டுக்கொடிகளால் புதிதாகப் பின்னப்படுகிறது. பள்ளத்தாக்கின் உட்பகுதியில் இருக்கும் நகோரோ கிராமத்திலோ மனிதரைவிடப் பொம்மைகளே அதிகம். இளைஞர்கள் வெளியேறிவிட்டனர், 2012-இல் மூடப்பட்ட பள்ளியின் வகுப்பறையிலும் பொம்மைகளே அமர்ந்திருக்கின்றன.

ஒரே நாட்டில் ஓரிடம் கூட்டத்தால் திணறுகிறது. மற்றோரிடம் ஆளின்றி வெறுமையாகிறது. ஆகவே ஒதுக்குப்புறங்களைத் தேடிச் செல்வது வெறும் ரசனை சார்ந்த தேர்வு அன்று. ஆனால், பாலத்தைப் படமெடுத்துவிட்டு மாலையே திரும்பினால் ஊருக்குப் பயன் சிறிதே. ஓபோகே ரயில் நிலையத்திலிருந்து செல்லும் பேருந்துகள் குறைவு. நேர அட்டவணையை முன்னரே பார்த்து, ஓரிரவேனும் உள்ளூர் விடுதியில் தங்கி, அங்கேயே உண்ண வேண்டும். அமைதியைத் தேடிச் செல்பவர், அவ்வூர் மக்களின் வாழ்வுக்கும் துணைநிற்பதே முறை.