மாத்திரைக்குப் பின்னால் ஓர் எண்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பொங்கலுக்குப் பரணை ஒழித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் மகன் டி.பி.க்குச் சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டை கிடைத்ததாம். சுற்றிலும் காகித உறை. ஒவ்வொரு மாத்திரை இருந்த ஓட்டைக்குப் பின்னாலும் எண்கள். "தினமும் மாத்திரை போட்டுவிட்டு மிஸ்டு கால் கொடுப்பான். பல நாள் மறந்துவிடுவான். ஆனால் மாத்திரையை விட்டதில்லை. அந்த நாட்களைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்களா?" என்று கேட்கிறார்.

வீட்டில் இருக்கும் நோயாளி மாத்திரையை விழுங்கினாரா என்பதைத் தள்ளியிருந்து எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் சானடோரியம் என்ற பெயரைச் சுமந்து நிற்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஊரைவிட்டு விலகிய படுக்கை என்பதே காசநோய்க்கு அங்கே தந்த அந்நாளைய வைத்தியம். படுக்கைகள்தான் போதவில்லை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்தில், மறு பாதியினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள். கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

ஆனால் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவதில் ஒரு கவலை உண்டு. சில வாரங்களிலேயே இருமல் அடங்கும், பசி எடுக்கும். இனி எதற்கு மாத்திரை என்று தோன்றும். பாதியில் விட்டால் பிழைத்த கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் திரும்பக்கூடும். அதனால் அந்த மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். பிறகு வந்தது, ஊழியர் கண்ணெதிரே விழுங்கும் 'டாட்ஸ்' முறை. என் பாட்டி கஷாயத்தை ஊற்றிவிட்டு, "நாக்கைத் தூக்கு" என்று பார்ப்பாரே, அதுதான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அதற்காக நடப்பதே ஒரு பாடு.

ஆள் பக்கத்தில் நிற்காமலே இதை அறிய, தாமஸ் மோல்டிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1962-ல் ஒரு மாத்திரைப் பெட்டியை யோசித்தார். உள்ளே சிறிது கதிரியக்கப் பொருள், ஒரு புகைப்படச் சுருள். எந்த மாத்திரை எப்போது எடுக்கப்பட்டது என்பது சுருளில் விழும் கறுப்பில் தெரியும்.

எனக்குப் பிடித்தது வாசகியின் அட்டைதான். '99 டாட்ஸ்' என்று பெயர். பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் பில் தீஸ் குழுவினர் உருவாக்கியது. மாத்திரையை அழுத்தினால் காகிதம் கிழியும், மறைந்திருந்த எண்கள் தெரியும். அவற்றைச் சேர்த்து ஓர் இலவச எண்ணுக்கு அழைக்க வேண்டும். அடுத்த நாள் எண் என்ன என்று நோயாளிக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும். எனவே சரியான எண்ணுக்கு அழைப்பு வந்தால் மாத்திரை அட்டையைவிட்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். அழைத்த கைபேசி எண்ணை வைத்து ஆள் யார் என்பதும் தெரிந்துவிடும். இணையம் வேண்டாம், காசு வேண்டாம், பொத்தான் போன் போதும்.

கைபேசி புதிதாக வந்த நாட்களில் நான் மதுரையில் வேலை பார்த்தேன். இரவு பஸ்ஸில் போய் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். யாரும் எடுக்கமாட்டார்கள், மணி அடித்ததே செய்தி. ஒருமுறை பேட்டரி தீர்ந்து அடிக்காமல் போனது. மறுநாள் மதியத்துக்குள் அப்பா என் அறை வாசலில் நின்றார்.

அட்டை சொல்வது மாத்திரை வெளியே வந்ததை மட்டும். விழுங்கியதை அது பார்க்கவில்லை. சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து அழைப்புக் கணக்கோடு ஒப்பிட்டபோது இரண்டும் பல இடங்களில் பொருந்தவில்லை. மருந்து உடம்பில் இருந்தது, அழைப்பு இல்லை. சிலரிடம் நேர்மாறாக இருந்தது. வீட்டுக்கே ஒரு போன், அதுவும் கணவர் சட்டைப் பையில் என்றால் மனைவி எப்படி அழைப்பார்? கருவி வந்துவிட்டது, களப்பணியாளர் எதற்கு என்று யாராவது கணக்குப் போட்டால் எனக்கு வயிறு எரிகிறது. அழைப்பு வராத நாளுக்கு ஊழியரின் திரையில் காலியாக நிற்கும் கட்டம் நோயாளியின் குற்றப்பத்திரிகை அல்ல. அதைப் பார்த்துத் திட்டுவதற்குப் போன் செய்கிறவர், அந்த நோயாளியை அடுத்த மாதம் வரவிடாமல் செய்கிறார்.

அம்மா, உங்கள் மகன் அழைக்க மறந்த நாட்கள் முதலில் காலியாகத்தான் தெரிந்திருக்கும். விசாரித்து உறுதிசெய்த ஊழியர் அந்த நாளைக் கையால் பதியவும் அதில் வழி இருந்தது. மூன்றாம் மாதம் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து அட்டையை வாங்கிப் பார்த்து, மோர் குடித்துவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கட்டங்களை அவர்தான் நிரப்பியிருப்பார்.