மூக்கைக் கழுவ உப்புநீர்: எத்தனை முறை? எந்த நீர்?

கிரிவலம் வரும் மூத்தோர் அறிய வேண்டியவை

பஞ்சபூதத் தலங்களுள் அக்னித் தலமாக விளங்குவது திருவண்ணாமலை. 2,668 அடி உயரமுள்ள மலையையே சிவமாகக் கொண்டு, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தூரம் அடியவர்கள் வலம் வருகின்றனர். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திக்கிலும் உள்ள சந்நிதிகளில் கற்பூரம் ஏற்றி வணங்குகின்றனர். பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கானோர் ஒரே பாதையில் நடக்கும்போது, காலடிப் புழுதியும் கற்பூரப் புகையும் காற்றில் கலந்து நிற்கும். கார்த்திகை தீபத்தின்போது மழைக்காலக் குளிரும் உடன் சேரும். ஊர் திரும்பிய மறுநாளே மூக்கடைப்பு, தும்மல், தலைப்பாரம் என்று வருந்தும் பெரியவர்கள் பலர்.

இவர்களுக்கு உறவினரும் நண்பரும் கூறும் கைவைத்தியங்களில் ஒன்று, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. யோக நிலையங்களில் இதற்கு ஜலநேத்தி என்று பெயர். நல்ல முறைதான், முறைப்படி செய்தால் நிவாரணமும் கிடைக்கும். ஆனால், தினமும் செய்யலாமா, எந்த நீரைப் பயன்படுத்த வேண்டும், யார் செய்யக் கூடாது என்ற மூன்றையும் அறிந்துகொள்ளாமல் தொடங்குவது தகாது. அதிலும் நீரைப் பற்றிய அறியாமை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

மரபில் மூக்கின் தூய்மை

ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோக பிரதீபிகை, உடலைத் தூய்மை செய்யும் ஆறு கிரியைகளுள் நேத்தியையும் ஒன்றாகக் கூறுகிறது. ஆயினும் அந்நூல் சொல்வது, மூக்கின் வழியே நூலைச் செலுத்தி வாய் வழியே எடுக்கும் சூத்திர நேத்தி. குருவின் நேரடிப் பார்வையில் மட்டுமே பயில வேண்டிய கடினமான பயிற்சி அது. வெதுவெதுப்பான உப்புநீரை ஒரு நாசியில் விட்டு மறு நாசி வழியே வடியச் செய்யும் ஜலநேத்தி, அதைவிட எளியது.

நம் சித்த மருத்துவத்திலும் மூக்கிற்குத் தனி இடம் உண்டு. தேரையரின் பிணி அணுகா விதி, மருந்தை மூக்கில் இடும் நசியத்தை ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை செய்துகொள்ளச் சொல்கிறது. நசியமும் உப்புநீர்க் கழுவலும் ஒன்றல்ல. எனினும், நல்லதற்கும் கால அளவு வேண்டும் என்று நம் முன்னோர் கருதியது இதனால் விளங்குகிறது.

எத்தனை முறை?

மூக்கின் உட்புறத்தை மெல்லிய சளிப்படலம் ஒன்று எப்போதும் போர்த்தியுள்ளது. உள்ளே வரும் தூசியையும் கிருமிகளையும் அது பற்றிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் அப்படலத்தை இடைவிடாமல் தொண்டையை நோக்கி நகர்த்துகின்றன. கிருமிகளை அழிக்கும் பொருள்களும் அதில் உண்டு. ஆகவே சளி முழுவதும் அழுக்கு என்று எண்ணுவது தவறு. அளவோடு இருக்கும்வரை அது காவலாளி.

இது பற்றி மருத்துவ உலகில் நடந்த இரு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி சைனஸ் தொல்லைக்கு ஆளானவர்கள் ஆறு மாதம் தினமும் உப்புநீரால் மூக்கைக் கழுவி நல்ல பலன் கண்டனர். 2009-இல் அந்நாட்டு ஒவ்வாமை மருத்துவர்கள் மாநாட்டில் வைக்கப்பட்ட மற்றோர் ஆய்வோ, நீண்ட நாள் தினந்தோறும் கழுவி வந்தவர்கள் அதை நிறுத்திய பின் அவர்களுக்குச் சைனஸ் தொற்று குறைந்ததாகக் கூறியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடுவழி ஒன்று புலப்படும். நோய் உள்ளபோது கழுவுதல் மருந்து. நோயில்லாதபோது அதையே நாள்தோறும் கடமையாகச் செய்யத் தேவையில்லை.

சளி, மூக்கடைப்பு, தூசி ஒவ்வாமை உள்ள நாட்களில் நாளுக்கு ஒரு முறை போதும். மிகுந்தால் காலையும் மாலையும் என இரு முறை. தொல்லை தணிந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, பிறகு நிறுத்திவிடலாம். கிரிவலம் முடித்துத் திரும்பியவர்கள், புழுதி உறுத்தினால் அன்று ஒரு முறை செய்துகொள்ளலாம். நாட்பட்ட சைனஸ் நோயாளிகளும் மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் தம் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும். பத்து நாட்களுக்கு மேலும் சளி நீடித்தாலோ, காய்ச்சல், முகவலி, இரத்தக் கசிவு இருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுக வேண்டும்.

எந்த நீர்?

இதுவே மிக முக்கியமானது. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நேத்திப் பாத்திரத்தில் குழாய்நீரை அப்படியே ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் மூளைத் தொற்றால் உயிரிழந்தனர். காரணம், நெக்லேரியா ஃபௌலெரி என்னும் அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இவ்வுயிரி, குடிக்கும் நீரோடு வயிற்றுக்குள் சென்றால் இந்நோயைத் தருவதில்லை. மூக்கின் உள்ளே ஏறினால் மட்டும் நுகர்ச்சி நரம்பின் வழியே மூளையை அடைகிறது. இந்நோய் மிக அரிது. ஆனால் வந்தவர்களுள் பிழைத்தோர் மிகச் சிலரே.

இது எங்கோ தொலைவில் நடப்பது என்று இருந்துவிட முடியாது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அண்டை மாநிலமான கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் பலர் பாதிக்கப்பட்டனர், உயிரிழந்தோரும் உண்டு. 2025 நவம்பரில் மண்டல காலம் தொடங்கியபோது, நதியில் நீராடுகையில் மூக்கினுள் நீர் புகாமல் பார்த்துக்கொள்ளுமாறு சபரிமலை பக்தர்களுக்குக் கேரள சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

ஆகையால் குளத்து நீர், கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், குழாய்நீர் எதையும் காய்ச்சாமல் மூக்கில் விடலாகாது. தீர்த்தம் புனிதமானது, தலையில் தெளித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. மூக்கைக் கழுவ மட்டும் அதை எடுக்க வேண்டாம். கேன் தண்ணீரும், வீட்டு வடிகட்டும் இயந்திரத்தின் நீரும் குடிக்க உகந்தவையே தவிர, கிருமி நீக்கப்பட்டவை அல்ல. தங்கும் விடுதிகளில் கீசரிலிருந்து வரும் வெந்நீரை நம்பிப் பயன்படுத்துவதும் தவறு. இந்த அமீபா சூட்டை விரும்புவது. வெதுவெதுப்பு அதைக் கொல்லாது.

நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கொதி வந்தபின் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வரை அடுப்பில் வைத்திருந்து, மூடி ஆறவிட வேண்டும். அந்நீரை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மறுநாளைக்குப் புதிதாகக் காய்ச்ச வேண்டும். பயணத்தில் இது இயலாதவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரையோ கிருமி நீக்கிய சலைன் நீரையோ வாங்கிக்கொள்ளலாம்.

செய்முறை

ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்பது நம் உடல்நீரின் உப்பளவுக்கு ஒத்தது. கால் லிட்டருக்கு ஏறத்தாழ அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். எரிச்சல் தோன்றினால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். உப்பு குறைந்தாலும் எரியும், மிகுந்தாலும் எரியும். அளவெடுத்து அடைத்த பொட்டலங்கள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. கண் பார்வை குறைந்தவர்களுக்கு அவை வசதி.

கழுவு தொட்டியின் முன் நின்று, சற்றுக் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட வேண்டும். மேலிருக்கும் நாசியில் மெல்ல நீரை ஊற்றினால் கீழ் நாசி வழியே வடியும். பிறகு மறுபக்கமும் அவ்வாறே செய்ய வேண்டும். வலிந்து செலுத்தக் கூடாது, விழுங்கவும் கூடாது. முடிந்ததும் முன்குனிந்து நீர் முழுவதும் வடிய விட்டு, மென்மையாகச் சிந்த வேண்டும். ஓங்கிச் சிந்தினால் நீர் காதுக்குள் ஏறி வலி தரும். பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவி, காய்ச்சிய நீரால் அலசி, நன்கு உலர வைக்க வேண்டும். ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் எடுத்தல் ஆகாது.

யார் தவிர்க்க வேண்டும்?

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருவோர், குனிந்தால் தலைசுற்றுவோர், காது வலியோ காதடைப்போ உள்ளோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பக்கவாதம், நடுக்குவாதம் ஆகியவற்றால் விழுங்குவதில் சிரமப்படுவோருக்கு நீர் நுரையீரலுக்குள் செல்லும் அபாயம் இருப்பதால், அவர்கள் தவிர்ப்பதே நல்லது. மூக்கில் நீர் ஏறிய சில நாட்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீர் ஏறிய செய்தியையும் மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். நோயைக் கண்டறிய அதுவே முதல் துப்பு.

உடலைப் பேணுதல் உயிரைப் பேணுதலே என்பது திருமூலர் காட்டிய நெறி. கொதித்த நீர், சரியான உப்பு, தேவைக்கேற்ற அளவு என்ற மூன்றையும் கடைப்பிடித்தால் இந்த எளிய முறை துணையாகும். மூச்சு தடையின்றி ஓட, அடுத்த பௌர்ணமியிலும் அண்ணாமலையானை மனங்குளிர வலம் வரும் பேறு மூத்தோர் அனைவருக்கும் கிட்டட்டும்.